பாதி டேங்க்

அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஆமை’. முப்பது வருடத்தில் ஒரு சுவரைக்கூட அவர் உரசியதில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டு கேட்டை இடித்துவிட்டார்.

"கண்ணு மங்கிப்போச்சுண்ணே. சாவிய வச்சிட்டு வீட்ல இருங்க," என்றார் முதலாளி.

அப்பா மறுபேச்சில்லாமல் சாவியை வைத்துவிட்டு வந்தார். இரண்டு நாளாகத் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கேட்டு கண்ணுக்குத் தெரியலையாப்பா?"

"தெரியாம என்ன? ஒரு முழம் முன்னாடியே வண்டி நின்னுடுச்சும்மா. தண்ணிதான் நிக்கல."

பாதித் தண்ணீரை ஒரு வீட்டில் இறக்கிவிட்டு, மீதியோடு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். நிறைந்த டேங்கில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதி டேங்கில் அப்படியல்ல. லாரி நின்ற பிறகும் தண்ணீர் முன்னால் ஓடி டேங்கின் சுவரில் மோதும். அந்த நேரம் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் லாரியையே தள்ளிவிடும்.

‘இயங்கும் பொருள், தடுக்கும்வரை இயங்கிக்கொண்டே இருக்கும்.’ இந்த விதியைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியவள் நான், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. எழுதும்போது அப்பாவின் லாரி ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லையே. நான் என்னத்தைப் படித்தேன்?

அப்பாவை இழுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"படிச்ச புள்ள, தண்ணி மேல பழிய போடுதே!"

"பாதி டேங்கோட ஓட்டிக் காட்டட்டும் சார். நீங்களே பாருங்க."

ஷெட் வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அப்பா வந்து கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினார். காலை எடுக்கவில்லை. உள்ளே ‘தொம்’மென்று ஒரு சத்தம். லாரி குலுங்கியது, நகரவில்லை. இன்னொரு ‘தொம்’. அது அடங்கிய பிறகுதான் இறங்கினார்.

முதலாளி குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "இவ்ளோ தெரிஞ்சவரு, அன்னிக்கு ஏண்ணே கால எடுத்தீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் வெட்கம்.

"வண்டி நின்னதும் போன் அடிச்சுது, எடுத்தேன். பாப்பாதான்... டிகிரி பாஸாயிட்டேன்னு சொல்லிச்சு. காலு தானா எழும்பிடுச்சு."

முதலாளி நிமிர்ந்தார். பிறகு கையை நீட்டினார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தப் போன இங்க குடுங்க."

இப்போதெல்லாம் நல்ல செய்தி எதுவானாலும், அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.