டெஸ்டுக்கு முந்தின நாள் கிளட்சைத் தொடாதீர்கள்

கள்ளக்குறிச்சி டெஸ்ட் கிரவுண்டில் எங்கள் டிரைவிங் ஸ்கூல் வண்டி மறுபடியும் குலுங்கி ஆஃப் ஆனபோது, வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். ஸ்டியரிங்கில் கரியாலூர் பூங்கொடி அக்கா. பக்கத்து சீட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர். நான் வெளியே, வண்டி துடைக்கிற துணியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். காலையில் நான் தேய்த்துப் பளபளப்பாக்கிய பானெட்டில் வெயில் பட்டு என் கண்ணே கூசியது.

அந்த வண்டியை டெஸ்டுக்குத் தயார் செய்தவன் நான்தான். டிரைவிங் ஸ்கூலில் புதிதாக டிரெய்னர் வேலைக்குச் சேர்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி என் பங்குக்கு இதில் ஒன்றும் இல்லை.

1. நான் செய்த நல்ல காரியங்கள்

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தேன். எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு போல்ட் லூசாகத் தெரிந்தால் அதை முறுக்கிவிட்டுத்தான் சாப்பிடப் போவேன்.

டெஸ்ட் வண்டி விஷயத்தில் எங்கள் ஓனர் அண்ணன் சொல்வது கொஞ்சம்தான். "லைட்டு எரியணும், இண்டிகேட்டர் அடிக்கணும், ஹாரன் கத்தணும். டயர்ல காத்து, கையில ஆர்சி, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட். வேற எதையும் நோண்டினு இருக்காத." காலையில் வண்டி கிளம்பும்போது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். அதோடு அவர் தயாரிப்பு முடிந்தது.

எனக்கு அது போதவில்லை. அந்த வண்டியை ஊரே பார்க்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். முந்தின நாள் மதியம் ஓனர் சாப்பிட வீட்டுக்குப் போனதும் ஆரம்பித்தேன். டேஷ்போர்டுக்கு பாலிஷ், டயருக்குக் கறுப்பு. பின்கண்ணாடியில் அழுக்கேறிய மஞ்சள் டேப் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதை பிளேடால் சுரண்டி, ஷாம்பு போட்டுக் கழுவினேன்.

அப்புறம் கிளட்ச். எங்கள் வண்டி பழசு. கிளட்ச் மிதியை அழுத்திய காலை முக்கால்வாசி தூக்கினால்தான் பிடிக்கும், வண்டி நகரும். வண்டியில் ஏறும் போதெல்லாம் எனக்கு அது பல்லில் சிக்கிய நார் மாதிரி இருக்கும். பானெட்டைத் திறந்து கேபிள் நட்டைத் திருகி, புது வண்டியில் இருப்பதுபோல் கீழேயே பிடிக்கும்படி வைத்தேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போனது. என் தோளை நானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

2. பூங்கொடி அக்கா

தினமும் முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்து வண்டி பழகியவர். அவர்கள் ஊர் மகளிர் குழு, மலையில் விளையும் புளியையும் கிழங்கையும் கீழே கொண்டுவர ஒரு சின்ன லோடு வண்டி வாங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம். அக்கா டெஸ்டில் பாஸ் என்றால் சாவி அவரிடம். இல்லாவிட்டால் புளி சீசன் முடிகிறவரை சம்பளத்துக்கு வெளி டிரைவர்.

"பொம்பள ஓட்டுனா மலைப்பாதையில உருண்டுடும்னு பேசிக்கினு இருக்கறானுங்க தம்பி," என்பார். "இவனுங்க ஓட்டி உருண்டதெல்லாம் யாரு கணக்குல வெக்கிறதாம்?"

அவருக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்தவன் நான். "நல்லா தூக்குங்கக்கா. பயப்படாம தூக்குங்க, மேல வந்தாத்தான் புடிக்கும்." இதைத் தினமும் சொல்லியிருக்கிறேன். ரிவர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நானே. "திரும்பிப் பின்னாடி பாருங்க. மஞ்ச டேப்பும் கம்பமும் ஒண்ணா சேருதா? இப்ப ஸ்டியரிங்க ஃபுல்லா ஒடிங்க." டேப்பைச் சுரண்டிய மத்தியானம் இந்த வார்த்தைகளில் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. அழுக்கு மட்டும்தான் தெரிந்தது.

3. கிரவுண்டில்

அக்கா சீட்டை இழுத்துப்போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட் மாட்டினார். எல்லாம் சொன்னபடி. முதல் கியர். நான் பழக்கியபடியே காலை தைரியமாகத் தூக்கினார். வண்டி தவளை மாதிரி எம்பி நின்றுவிட்டது. மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். மறுபடியும் அதே குதி.

முந்தின நாள் திருகிய நட்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது. துணியை உதறி மடிக்க ஆரம்பித்தேன்.

எப்படியோ தட்டுத்தடுமாறி ஒரு சுற்று வந்து, ரிவர்ஸுக்கு நிறுத்தினார். திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தார். அங்கேயே கண்ணை ஓட்டித் தேடினார். பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் குனிந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மட்கார்டைத் துடைக்க ஆரம்பித்தேன். வண்டி பின்னால் போய்க் கம்பத்தைச் சாய்த்தது.

"நல்லா பழகிட்டு அடுத்த வாட்டி வாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இறங்கி வந்தவரிடம் நான் சொன்னது இதுதான்: "பதட்டப்பட்டுட்டீங்கக்கா. நேத்து காலையில நல்லாத்தானே ஓட்டுனீங்க."

"ஆமா தம்பி. இன்னான்னே தெரியல, காலு என் பேச்சே கேக்கல. உனக்குத்தான் கெட்ட பேரு."

என்னிடம் அவர் வருத்தம் தெரிவித்தார். அதை நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.

அடுத்து ஏறியவர் சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருப்பவர். அவரும் எங்கள் ஸ்கூல்தான். எதையும் உரக்கப் பேசுகிற ஆள். வண்டி எம்பியதுமே தலையை வெளியே நீட்டினார்.

"யோவ் தம்பி, வண்டிய இன்னா பண்ண? மாட்ட தார்க்குச்சியால குத்துன மாதிரி குதிக்குது. முந்தாநேத்து இப்பிடி இல்லியே."

கிரவுண்டே என்னைப் பார்த்தது.

"கிளட்ச்ச கொஞ்சம் கரெக்ட் பண்ணேங்க. நேத்து மத்தியானம்."

"யார கேட்டு?"

யாரையும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் கைப்பிரேக்கை இழுத்தார். "முதல்ல சரிபண்ணு. இங்க டெஸ்ட்டு எடுக்க வந்தீங்களா, சர்வீஸ் பண்ண வந்தீங்களா?"

பானெட்டைத் திறந்து, எல்லாரும் சுற்றி நிற்க, நட்டைப் பழைய இடத்துக்கே திருகினேன். ஸ்பேனர் கையில் வழுக்கியது. உரக்கடைக்காரர் ஏறி, ஒரு குலுக்கல் இல்லாமல் சுற்றி வந்தார். டேப் இல்லாமலே ரிவர்ஸும் எடுத்துவிட்டார். வீட்டில் அவருக்கு டிராக்டர் இருக்கிறது. பாஸ்.

நான் இன்ஸ்பெக்டரிடம் போனேன். "சார், அந்த அக்காவுக்கு இன்னொரு வாட்டி குடுக்க முடியுங்களா? தப்பு என்னுதுங்க."

"ரிசல்ட் ஏத்தியாச்சுப்பா. வண்டி மாறியிருக்குதுன்னா, ஏர்றதுக்கு முன்னாடி சொல்லணும். அவங்க திணறும்போது நீ இங்கதானே நின்ன?"

திரும்பினால் பின்னாலேயே அக்கா நிற்கிறார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகம் தெளிந்திருந்தது.

"அப்ப என் காலு நல்லாத்தான் இருக்குதா?" என்றார்.

4. பிறகு

விஷயம் தெரிந்ததும் ஓனர் அண்ணன் என்னை ஒரு வார்த்தைதான் கேட்டார். "உனுக்கு ஓட்டத் தெரியும்னு காட்டவாடா அந்த வண்டி?"

மறு டெஸ்டுக்கு அக்கா வந்தபோது நேராக டிரைவர் கதவுக்குப் போகவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி, பின்கண்ணாடியில் நான் புதிதாக ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "இன்னிக்கு வண்டிக்கு எதுனா நல்லது பண்ணியா தம்பி?"

"ஒண்ணும் பண்ணலக்கா. தொடக்கூட இல்ல."

"அப்ப ஏறலாம்," என்று ஏறினார். முதல் சுற்றிலேயே பாஸ்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. புளி சீசனுக்கு வெளி டிரைவர் பேசி, சாவியும் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது டெஸ்டுக்கு முந்தின நாள் நான் லைட், இண்டிகேட்டர், ஹாரன், காற்று, பேப்பர் பார்க்கிறேன். அதோடு நிறுத்திக்கொள்கிறேன். வண்டியில் ஏதாவது மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழகுகிறவரை உட்காரவைத்து அவர் கால் ஒத்துக்கொள்ளும் வரை ஓட்டவிடுகிறேன். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை அவர் கால்தான் தெரிந்து வைத்திருக்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். கிரவுண்டில் யாராவது திணறினால், அவர் பதட்டப்பட்டார் என்று சொல்வதற்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள்.

போன வாரம் மார்க்கெட் ரோட்டில் அந்த லோடு வண்டியைப் பார்த்தேன். புளி மூட்டைகள். ஸ்டியரிங்கில் யாரோ ஒருவர். பக்கத்து சீட்டில் பூங்கொடி அக்கா. என்னைப் பார்த்ததும் சிரித்தபடி கையைக் காட்டினார். டிரைவர் கியர் மாற்றியபோது, என்னை ஒட்டி நகர்ந்த ஜன்னலுக்குள், வெறும் தரையில் அக்காவின் இடது கால் அழுந்தி, மெதுவாக மேலே வந்தது.