புகையில் காய்ந்த உறை

அந்த உறையை எனக்குக் கொடுத்தவர் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரத் துரையின் குடும்பம் சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு, பங்களா மருந்து அலமாரியில் மிஞ்சியதையெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அயோடினும் பஞ்சும் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. ஒரு தகர டப்பாவில் இந்த ரப்பர் உறை மட்டும் மீந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு டப்பாவை மேசைமேல் தள்ளினார்.

“இது ஒருக்காப் பாவிச்சுப்போட்டு எறியிற சாமான் இல்லை, தம்பி. கழுவி, ஈரம் போக உலர்த்தி, பவுடர் பூசி வையும். கிழிஞ்சால் வேற ஒண்டு என்னட்ட இல்லை.”

நான் தலை நிமிரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி முடித்து, சிரம்பானில் இங்கிலீஷும் படித்து, ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக உட்கார்ந்தவன். அப்படியிருந்தும் இப்படி ஒரு பொருள் உலகத்தில் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அவர் அதைக் கொடுத்ததற்குக் காரணம் என் மனைவி. சண்டைக்குச் சில மாதங்கள் முன்பு அவளுக்கு முதல் பிரசவம். குழந்தை தங்கவில்லை. இவளுக்கு உதிரம் நிற்கவில்லை. தோட்டத்து லாரியில் கிடத்தி, ராசா என்ற ஊர் வழியாகச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வெள்ளைக்கார டாக்டர் பிழைக்க வைத்தார். இப்போது அந்த டாக்டர் சிறையில். ஆஸ்பத்திரி ஜப்பான் பட்டாளத்தின் கையில். இன்னொரு பிள்ளை உண்டானால் அவளைக் காப்பாற்றத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று டிரசர் நேராகவே சொல்லிவிட்டார். விலகி இருந்தால் நல்லது என்றும் சொன்னார். லயத்து வீட்டு வரிசையில் எங்களுக்கு ஒரே அறை, ஒரே பாய். இருவருக்கும் இளவயது.

அவளிடம் காட்டியபோது விரலால் தொட்டு, இழுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள் அவள்.

“நாம வெட்டுன பாலு எங்கெங்கேயோ சுத்திட்டு, கடைசில நம்ம வூட்டுக்கே வந்திருச்சு பாருங்க.”

சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதைக் கழுவுவது பெரும்பாடு. லயத்துக் குழாயடியில் முடியாது, எந்த நேரமும் நாலு பேர் நிற்பார்கள். சிரட்டையில் தண்ணீர் எடுத்து அறைக்குள்ளேயே அலசுவாள். சாமி படத்துக்குப் பின்னால் உலர்த்த அவளுக்கு மனம் ஒப்பவில்லை. என் பழைய பூகோளப் புத்தகத்துக்குப் பின்னால் இடம் கொடுத்தாள். உலர்ந்ததும் பவுடர் பூசி டப்பாவில் வைப்போம். ஒவ்வொரு முறையும் அவள் அதில் தண்ணீர் நிரப்பி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அப்போது நான் மூச்சு விடமாட்டேன்.

பவுடர் தீர்ந்தது. கடையில் பவுடர் என்ற சொல்லே கிடையாது. எங்களிடம் இருந்தது மரவள்ளி மாவு. சோறு அதுதான், பசை அதுதான், துணிக்குக் கஞ்சியும் அதுதான். அதையே பூசினோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் டப்பாவைத் திறந்தால், மாவின்மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தது. துடைத்தோம். மறுபடி வந்தது.

ரப்பரில் பூசணம் பிடித்தால் என்ன செய்வது என்பது எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புகை போட வேண்டும். பால் எடுப்பது நின்று நின்று நடந்த காலம் என்றாலும் புகைக்கூடம் அணையவில்லை. அவளுக்கு அங்கேதான் வேலை, ஈர ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிடுவது. யோசனை அவளுடையது. யோசித்துப் பார்த்து, சரிதான் என்று நானும் சொன்னேன். உறையை ஒரு துணிப்பையில் முடிந்து, மேல் கழியின் மூலையில் கட்டி வைத்தாள்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டிருக்கிறார். வெண்டை விதை காய்கிறது என்றிருக்கிறாள்.

“நல்லாக் காயட்டும்லா. மொளச்சா எனக்கும் ரெண்டு குடு புள்ள,” என்றாராம்.

இதை என்னிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து எடுத்தோம். பூசணம் போயிருந்தது. தேன் நிறத்தில், புகை வாடையுடன், நல்ல ஷீட்டைப் போல இருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், ஒழுகவில்லை. இருவருக்கும் மனசு லேசாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல மழை. கிழங்குக் கொல்லைக்கு யாரும் போகவில்லை. அன்று அது கிழிந்தது. கிழிந்தது என்பதுகூடச் சரியில்லை, ஊறின காகிதத்தைப் போலப் பிய்ந்து வந்தது. அவள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த துணி நனைகிறது என்றாள்.

டிரசரிடம் ஓடினேன். பச்சைப் பாலில் செய்த ஷீட்டுக்குத்தான் புகை, உறையோ முன்பே வெந்த ரப்பர், சூடு காட்டினால் இற்றுப்போகும் என்றார். திட்டவில்லை. மாதம் தப்புகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

பார்த்தோம். தப்பியது. ஆனால் அந்தச் சமயத்தில் எங்கள் லயத்தில் பாதிப் பெண்களுக்குத் தீட்டு நின்று போயிருந்தது. பிள்ளை உண்டாகி அல்ல, வெறும் கிழங்கைத் தின்று உடம்பில் இரத்தம் ஊறாமல். குழாயடியில் அதைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்களாம், துணி அலசும் வேலை மிச்சம் என்று. இவளும் கூடச் சிரித்துவிட்டு வருவாள். வந்து என் முகத்தைப் பார்ப்பாள். பசியா, பிள்ளையா? கேட்கலாம் என்று டிரசரைத் தேடிப் போனபோது ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்த லாரி, வைத்தியம் பார்க்க ஆள் வேண்டும் என்று அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். அதன்பிறகு தோட்டத்தில் லாரிச் சத்தம் கேட்டால் ஆண்கள் காட்டுக்குள் ஓடுவோம். ஓடும்போது நான் என்னைப் பற்றி நினைக்கவில்லை. நான் திரும்பாவிட்டால் அவளை யார் சிரம்பானுக்குக் கொண்டுபோவார்கள், கொண்டுபோனாலும் யாரிடம் காட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவள் மெலிந்துகொண்டே போனாள். கை குச்சியாயிற்று. வயிறு மட்டும் மெலியவில்லை. கிழங்கு தின்றவர்களுக்கெல்லாம் வயிறு அப்படித்தான் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு காலையில் அவளுக்குக் கிழங்கு கொடுக்கப் புகைக்கூடத்துக்குப் போனேன். ஷீட்டுகளுக்கு நடுவே அசையாமல் நின்றிருந்தாள். அருகில் போனதும் என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒன்று மெல்லப் புரண்டது. வாளித் தண்ணீரில் மீன் திரும்புவது போல.

“பசியாத்தான் இருக்கும்,” என்றாள்.

“ஆமா,” என்றேன்.

கையை விட்டாள். கிழங்கை வாங்கித் தின்றாள். அடுத்த கழிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் முகம் மழிக்கலாம் என்று என் சவரக் கத்தியைத் தேடினேன். மாடத்தில் இல்லை. உறை இருந்த தகர டப்பாவைத் திறந்து பார்த்தேன். கத்தியைத் தேய்த்துத் துடைத்து அதில் வைத்திருந்தாள். பக்கத்தில் தொப்புள்கொடி கட்டுவதற்கு ஒரு முழம் நூல், வெந்நீரில் போட்டு எடுத்து, சுருட்டி வைத்திருந்தாள்.

டப்பாவை மூடினேன். அதில் இன்னும் புகை வாடை அடித்தது.