சித்திக்குக் கால் எட்டாத சைக்கிள்

என் சித்தி குள்ளம். இதை நாசூக்காகச் சொல்ல வேறு வழிகள் உண்டு; எங்கள் வீட்டில் யாரும் அவற்றைக் கையாண்டதில்லை. நான்காம் வகுப்பு முடித்திருந்த நான் அவள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டதை, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இருவரையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டுவார்கள். சித்தி சிரித்துக்கொண்டு நிற்பாள்.

அந்தச் சித்திக்கு அரசாங்கத்திலிருந்து நியமன ஆணை வந்தது. எழுபதுகளின் தொடக்கம். கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சிற்றூரில் நர்சு வேலை. அங்கேயே தங்கி, சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குப் போய்ப் பிரசவம் பார்க்க வேண்டும். குறித்த நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இப்படிப்பட்ட ஆணைகளைப் பிற்காலத்தில் நானே கட்டுக்கட்டாக அனுப்பியிருக்கிறேன். சேரும் அவகாசத்தை நீட்டிக்க எந்தெந்தக் காரணங்கள் செல்லும் என்பது எனக்கு மனப்பாடம். ‘அண்ணன் விடமாட்டேன் என்கிறார்’ என்பது அவற்றில் இல்லை.

அண்ணன் என்பவர் என் பெரிய மாமா. தாத்தா போன பிறகு வீட்டுக்குத் தலை அவர்தான். கள்ளக்குறிச்சிக்கு வெளியே கரும்பு வைத்திருந்தார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால், அவர் அங்கே தும்மினால் அம்மா இங்கிருந்து நூறாயுசு என்பாள். ஆணை வந்த அன்று அவர் பேசியது அந்தச் சுவருக்கே கேட்டிருக்கும்.

“மலையில ஒரு வூட்டுக்கும் அடுத்த வூட்டுக்கும் எம்மாந்தூரம் தெரியுமா? ஒண்டியா நடந்துக்கினு இருப்பியா? இருட்டிப்போச்சின்னா இன்னா பண்ணுவே?”

“நடக்க மாட்டேண்ணா. சைக்கிள்ல போவேன்.”

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டில் சித்தியைக் கேலி செய்யச் சாட்சி வேண்டுமென்றால் என்னைப் பார்ப்பது வழக்கம்.

“சைக்கிளா? அங்க ரோடா போட்டு வெச்சிக்கிறாங்க? பூராக் கல்லு. கல்லுல வண்டி சாஞ்சா நாங்கல்லாம் காலு ஊனிக்குவோம். உனக்கு ஊனறதுக்குக் காலு எங்க இருக்குது?”

“ஊன மாட்டேன்.”

“இன்னாது?”

“எட்டாத காலு எதுக்கு? ஊனாமலே ஓட்டுவேன்.”

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஊருக்குப் போகிற பாதையில் ஒரு ஓடை குறுக்கிடும், கோடையில் தண்ணீர் இருக்காது, உருண்டைக் கல்லும் பலகைக் கல்லுமாகக் கிடக்கும். அதை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கால் கீழே படாமல் சைக்கிளில் தாண்டிக் காட்ட வேண்டும் என்றார். தாண்டினால் அன்றைக்கே வேலையில் சேரலாம். கால் பட்டால், ஆணையை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, சின்னசேலத்திலிருந்து வந்திருக்கும் வரனுக்குத் தலையாட்ட வேண்டும்.

“சரிண்ணா” என்றாள் சித்தி. அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று மாமா எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரு பாக்கணும். நான் ஒருத்தன். இந்தக் குட்டி ஒருத்தி. இது பொய் சொல்லாது.”

இது பாராட்டு அல்ல. விருந்தாளிகள் எதிரிலேயே, மோரில் அம்மா எத்தனை செம்பு தண்ணீர் ஊற்றினாள் என்று சொன்னவள் நான்.

அப்பா பள்ளி ஆசிரியர். எச்செம் என்று எல்லாரும் கூப்பிடும் தலைமையாசிரியரின் மனைவியிடம் ஒரு லேடீஸ் சைக்கிள் சும்மா நிற்பதை நினைவுபடுத்திக்கொண்டு, கெஞ்சி வாங்கி வந்தார். குறுக்குக் கம்பி இல்லாத வண்டி, பச்சை நிறம், சக்கரத்தில் புடவை மாட்டாமலிருக்க வலை. அதைச் சுற்றி நின்றுகொண்டு வீடே யோசனை சொன்னது. யோசனைகள் எல்லாம் ஒரே கொள்கையிலிருந்து பிறந்தவை: குள்ளமானவளுக்கு எல்லாமே கீழே இருக்க வேண்டும். சீட்டை இறக்கினார்கள். ஹேண்டில்பாரை இறக்கினார்கள். அப்படியும் பெடல் கீழே போகும்போது கால் எட்டாமல் போகவே, அப்பா இரண்டு மரக்கட்டைகளைச் சீவி, பழைய டியூபைக் கிழித்துப் பெடல்களின் மேல் இறுக்கிக் கட்டினார். அந்தக் காலத்தில் பெரிய வண்டி ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம் அது. தெருவில் ஒரு சுற்று வந்தாள். அழகாகத்தான் இருந்தது.

கரும்புக் கொல்லைக்குப் பின்னால், சூளையில் தள்ளிவிட்ட உடைந்த செங்கல் குவிந்து கிடந்தது. அதைப் பரப்பி ஒரு பொய் ஓடை செய்தோம். என் வேலை குதிகாலில் குந்திக்கொண்டு அவள் பாதங்களைப் பார்ப்பது, தரையில் பட்டால் “பட்டுது!” என்று கத்துவது. முதல் நாள் நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. பெடலில் கட்டிய கட்டை, கீழே வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு செங்கல்லில் இடித்தது. இடித்ததும் வண்டி நின்றது. வண்டி நின்றதும் சித்தி விழுந்தாள். முழங்கை உரிந்து, புடவை கிழிந்து, கடைசியில் வண்டியைப் படுக்கப் போட்டுவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள்.

மாமா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “போதுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சித்தி அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் டியூப் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“உக்காந்துக்கினு மிதிச்சாத்தானே இந்தக் கட்ட வேணும்? கல்லு மேல எவ உக்காருவா? உக்காந்தா தூக்கிப் போடுது.” கட்டைகளைத் தூர எறிந்தாள். ஏறி, சீட்டில் அமராமல், இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து அவற்றின் மேல் எழுந்து நின்றாள். நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. “பாருடி, நின்னுக்கினா நான் குள்ளமில்ல.”

அன்றிலிருந்து வீட்டின் கொள்கை ஒவ்வொன்றாகத் தலைகீழானது. நின்று ஓட்டுகிறவளுக்குத் தாழ்ந்த ஹேண்டில்பார் ஆகாது. அது அவளை முன்னால் கவிழ்த்தது. அதை மேலே ஏற்றி, பிடிகளைத் தன் பக்கம் சாய்த்துத் திருப்பிக்கொண்டாள். கையை நீட்டி எட்டிப் பிடிக்காமல், முழங்கை லேசாக மடங்கும்படி வந்தது. சீட்டு மட்டும் அடிவரை இறங்கியே இருந்தது, உட்காருவதற்காக அல்ல, தொடையில் இடிக்காமல் ஒதுங்குவதற்காக. சக்கரத்தில் காற்றைக் கம்மி பண்ணினாள். கட்டைவிரலால் அழுத்தினால் பழுத்த மாம்பழம்போல உள்வாங்க வேண்டும் என்று சொல்லி, அந்தப் பரிசோதனையை என்னிடம் விட்டாள். இதற்குப் பிறகு கேரியர் போனது, ஸ்டாண்டு போனது, மட்கார்டு போனது, புடவை வலை போனது. கழற்றியவை குவியக் குவிய அப்பாவின் முகம் வெளுத்தது.

“அது எச்செம் சம்சாரத்து வண்டிம்மா.”

“எதையும் தூக்கிப் போடல. எல்லாத்தையும் சாக்குல கட்டி வெச்சிக்கிறேன்.”

ஒரு குறை இருந்தது. மெதுவாகக் கல்லில் ஏறும்போது மிதி கனமாக இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் வண்டி நிற்கும், அல்லது குதிக்கும், நடுவில் எதுவுமில்லை. வாடகை சைக்கிள் கடையில் பிள்ளைகளுக்கான முக்கால் வண்டி ஒன்று உடைந்து கிடந்தது. அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று அம்மா சொன்னாள். சித்தி ஏற்கெனவே ஓட்டிப் பார்த்திருந்தாள். சக்கரம் சின்னது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறதாம். ஆனால் அதன் பெடல் தண்டுகள் குட்டையாக இருந்ததையும், முன் பல்சக்கரம் சின்னதாக இருந்ததையும் பார்த்து வைத்திருந்தாள். அவற்றை மட்டும் கேட்டு வாங்கி, கடைக்காரர் கையாலேயே பச்சை வண்டிக்கு மாற்றினாள். மிதி லேசானது. பெடல் கல்லில் இடிப்பது நின்றது.

மாற்றி முடித்ததும் கடை வாசலிலேயே ஏறி நின்று பார்த்தாள். வண்டி முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. முன் சக்கரம் மட்டும் இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருக்க, நடுத்தெருவில் நின்ற இடத்திலேயே நின்றாள். கடைக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னாம்மா இது, வண்டி ஓட்டப் போறியா, தவம் பண்ணப் போறியா?”

கெடு முடிவதற்கு முன்தினம், நான் கத்த வேண்டிய அவசியம் அவ்வளவாக இருக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு ஜீப்பின் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மாமா, சித்தி, நான் மூவரும் மலையேறினோம். அப்பா வரவில்லை, எச்செம் வீட்டுப் பக்கம் போகாமலிருக்கும் வேலை அவருக்கு இருந்தது. வளைவுகளில் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தபோது மாமா என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஓடை எங்கள் செங்கல் ஓடையைப் போல இல்லை. கல் ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவுக்கு இருந்தது. சித்தி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒரு தடவை அந்தக் கரைவரை நடந்துபோய் வந்தாள். நானும் மாமாவும் அந்தக் கரையில் போய் நின்றோம். தலையில் விறகுக்கட்டோடு வந்த ஒரு மலைக்காரம்மா எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள். விஷயம் என்னவென்று கேட்டாள். நான் விதிகளை விளக்கினேன்.

“எதுக்குய்யா அந்தப் பொண்ண இம்சை பண்றீங்க? எறங்கித் தள்ளிக்கினு வந்தா ஆவாதா?”

விதியில் அதற்கு இடமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

சித்தி எதிர்க்கரையில் வண்டியேறி ஓடைக்குள் இறங்கினாள். முதல் கல், இரண்டாவது கல், ஒரு மணல் திட்டு. பெடல் மட்டமாக, முழங்கால் மடங்கி, வண்டி அவளுக்குக் கீழே தனியாகக் குதித்துக்கொண்டிருந்தது. நான் பாதங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவைத் தாண்டியதும் ஒரு பலகைக் கல் சரிந்தது. முன் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் இறங்கி நின்றுவிட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கால் தானாகக் கீழே போயிருக்கும். சித்தியின் இடது குதிகால் பெடலிலிருந்து எழும்பியதை நான் பார்த்தேன்.

அப்போது என் பக்கத்திலிருந்த வேட்டி திரும்பியது. மாமா ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கண்ணை எடுக்காமலே வேட்டியைப் பிடித்து இழுத்தேன். “மாமா, பாருங்க! இப்பத்தான் பாக்கணும்!” அவர் திரும்பவில்லை.

எழும்பிய குதிகால் பெடலுக்கே திரும்பியது. வண்டி அசையாமல் நின்றது. சக்கரம் இப்படியும் அப்படியும் நடுங்கியது. சித்தி பின்னால் சாய்ந்து, ஹேண்டில்பாரை மார்போடு சேர்த்து இழுத்து, ஒரே மிதி. முன் சக்கரம் கல்லின் மேல் ஏறியது. பின் சக்கரமும் முட்டிக்கொண்டு ஏறியது. மீதிக் கற்களை எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது என்பாள். கரையேறி, புல்லில் வண்டியோடு விழுந்தாள்.

“கரைக்கு அப்பறந்தான் பட்டுது! செல்லும்!” என்று தீர்ப்புச் சொன்னேன். உடனே என் கடமையும் நினைவுக்கு வந்தது. “ஆனா மாமா பாக்கல. ரெண்டு பேரு பாக்கணும்னு சொன்னீங்க இல்ல? மறுபடியும் ஓட்டணும்.”

“அடிப் பாவி” என்றாள் சித்தி, மூச்சு வாங்கிக்கொண்டே.

மாமா மெதுவாகத் திரும்பினார். “மாடு ஒண்ணு அந்தாண்ட போச்சி. யாரு வூட்டு மாடோன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

“மாடே இல்ல மாமா.”

“இருந்துச்சி.”

நான் சாட்சிக்கு அந்த மலைக்காரம்மாவைப் பார்த்தேன். அவள் கட்டைத் தலையில் சரிசெய்துகொண்டு, ஒன்றுமே இல்லாத அந்தச் சரிவைப் பார்த்தாள்.

“ஆமா, எங்க மாடுதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சித்தி அன்று முற்பகலிலேயே பணியேற்றாள். பிற்பகலில் சேர்ந்தால் பணிமூப்பில் ஒரு நாள் பிசகும், ஆகவே அது சரியான நடைமுறை. அந்த மலையில் எத்தனை பிள்ளைகள் அவள் கையில் பிறந்தன என்று அவள் எண்ணி வைக்கவில்லை. பின்னாளில் நான் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோதும், வேலைக்கு வெளியூர் போகிறேன் என்றபோதும், மாமா எந்த ஓடையையும் காட்டவில்லை. பேருந்து நிலையம்வரை என் பெட்டியைச் சுமந்து வந்தார். பதவிக்காலம் முழுக்க அரசு வேலைகளுக்குத் தேர்வு நடத்தி ஆணை அனுப்புவதே என் தொழிலாக இருந்தது. கண்காணிப்பாளர் முதுகைக் காட்டி நின்றால் எடுக்க வேண்டிய நடவடிக்கைகளைச் சுற்றறிக்கையாகவே எழுதியிருக்கிறேன். அந்த ஒரு கண்காணிப்பாளருக்கு மட்டும் நான் கடன்பட்டவள்.

ஆனால் அன்று எனக்குக் கோபம். இறங்கும் ஜீப்பில் சித்தியும் இல்லை, சைக்கிளும் இல்லை. மாமாவும் நானும் மட்டும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் வளைவு தாண்டியதும் மாமா கேட்டார்:

“காலு படல தானே?”

“படல.”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும். “நீ நல்லாப் பாத்தே இல்ல? அந்தப் பெரிய கல்லாண்ட?”

“பாத்தேன் மாமா. படல.”

“தொடக்கூட இல்ல?”

“இல்ல.”

கச்சிராயபாளையத்தில் டீக்கு நிறுத்தியபோது கேட்டார். டிரைவர் எதிரில் இன்னொரு முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் அதையே சொல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். வீட்டுப் படியேறும்போதும் கேட்டார்.

எனக்கு அலுத்துவிட்டது. உள்ளே ஓடிப்போய், அடுப்படியில் காத்திருந்த அம்மாவிடம் முதல் சேதியாக அதைத்தான் சொன்னேன்:

“மாமாவுக்கு மலையில காது அடச்சிப் போச்சிம்மா. எத்தினி தடவ சொன்னாலும் கேக்க மாட்டுது.”