பாதிக் காயில்

கொல்கத்தாவில் ஜனவரியில் மாவு பொங்காது. இங்கே குடியிருக்கும் எந்தத் தமிழ் வீட்டைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. டாலிகஞ்ச் வீட்டில் அண்ணி அரைத்துப் பாக்கெட் போடும் இட்லி மாவு, கரியாஹாட்டில் அண்ணன் வைத்திருக்கும் மளிகைக் கடையில் விற்றது. குளிர்காலத்தில் அண்ணி ஒரு பழைய இரும்பு பீரோவுக்குள் மாவு வாளிகளை அடுக்கி, நூறு வாட் குண்டு பல்பு இரண்டை எரியவிட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். சில மணி நேரத்தில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பும்.

பிறகு எங்கு பார்த்தாலும் எல்.ஈ.டி. பல்பு. அதில் வெளிச்சம் உண்டு, சூடு கிடையாது. குண்டு பல்புக்காகக் கடைகடையாக ஏறி இறங்கிச் சலித்த அண்ணி, நடைபாதைக் கடையில் ஒரு ஹீட்டர் வாங்கி வந்தாள். மண் தட்டில் காயில் என்கிற சுருள் கம்பி பதித்தது, ஆயிரம் வாட். பக்கத்திலேயே நின்று கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்ததில், வாளியோரத்து மாவு வெந்து கட்டிதட்டிவிட்டது.

என்னிடம் வந்தாள். நான் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்துவிட்டு சால்ட் லேக்கில் சாஃப்ட்வேர் தட்டிக்கொண்டிருப்பவள். என் தங்கைக்குக் கரண்ட் சமாச்சாரம் அத்துப்படி என்று அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பான். நானும் மறுத்ததில்லை.

"காயில பாதியா வெட்டிட்டா சூடும் பாதியாயிடுமா?" என்று கேட்டாள்.

ஆபீஸ் கார் வரும் நேரம். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் போட்டேன். ஆயிரம் வாட்டை இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் நாலே கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே மின்னோட்டம். வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் ஐம்பத்து மூன்று ஓம் மின்தடை. கம்பியை வெட்டினால் தடை பாதி. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் திறன். ஐந்நூறு வாட் வந்தது. எவ்வளவு லட்சணமான விடை! ஆகும் அண்ணி, சரியாகப் பாதிதான் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

தடையைப் பாதியாக்கிய நான் மின்னோட்டத்தைப் பழையபடியே விட்டிருந்தேன். வோல்ட் மாறாது. தடை பாதியானால் மின்னோட்டம் இரண்டு மடங்காகும், வாட்டும் இரண்டு மடங்காகும். பாதிக் கம்பிக்கு இரண்டாயிரம் வாட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் கணக்கு இது. காருக்குள் உட்கார்ந்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால்கூடப் பிடிபட்டிருக்கும். நான் பாட்டு கேட்டுக்கொண்டு போனேன்.

அண்ணி இன்ச் டேப்பால் அளந்து, நடுவில் சாக்பீஸ் குறி வைத்து, கம்பியை வெட்டினாள். மாட்டிவிட்டுப் பீரோவைச் சாத்திக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் வாளிகள் உருகி எரிந்துகொண்டிருந்தன. மறுநாள் கொடுக்க வேண்டிய மாவு அது. கையை விட்டு இழுத்திருக்கிறாள். உருகிய பிளாஸ்டிக் விரல்களோடு ஒட்டிக்கொண்டது. கீழ் வீட்டு வங்காளிப் பெண்மணி, நாங்கள் பௌதி என்று கூப்பிடுபவர், ஓடிவந்து மெயினை அணைத்தார். மெயின் சுவிட்ச் தானாக விழவில்லை. அந்த மின்னோட்டமெல்லாம் அதற்குத் தூசு.

வலது கையில் நான்கு விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன. அந்தக் கையால்தான் உப்புப் போட்டு மாவைக் கலப்பாள். மாவு வியாபாரம் நின்றது. படிக்காதவள் கரண்டில் கை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அண்ணன் ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்தான், வீட்டுக்கு வந்தும் விடவில்லை. வருகிறவர்களிடமும் அதையே சொன்னான். ஒருநாள் கட்டு மாற்றும்போது அண்ணி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நான் அளந்துதான் வெட்டுனேன். கொஞ்சம் கூடக்குறைய வெட்டிட்டேனோ?"

எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தெரியலை அண்ணி என்றேன். பயம்தான், வேறென்ன. தங்கை பெருமை பேசுகிற அண்ணன் முகம் எப்படிப் போகும் என்ற பயம்.

மூன்று குளிர்காலம் போனது. போன ஜனவரியில் ஒரு சாயங்காலம், இடது கையால் அவள் உளுந்து களைவதைப் பார்க்கச் சகிக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதேன். அவள் அழவில்லை.

"அப்ப வெட்டாமலே விட்டிருந்தா?"

"வெட்டினப்ப வந்ததுல பாதிச் சூடுதான் அண்ணி."

"நான் என்ன பண்ணியிருக்கணும்?"

"இன்னொரு காயில் வாங்கி, ரெண்டையும் முனையோட முனை சேர்த்து ஒரே நீளக் கம்பியாக்கியிருக்கணும். அப்பத்தான் ஐந்நூறு வாட்."

அவள் உளுந்துத் தண்ணீரை வடித்தாள்.

"சரி. உங்கண்ணன் வந்ததும் இதைச் சொல்லு. என்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லு," என்றாள்.

அண்ணன் ஏழு மணிக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, இன்றைக்கும் பால் பொங்கி வழிந்த வாடை அடிக்கிறதே, அடுப்பைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று அண்ணியைக் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் அண்ணனிடம் காபி வேண்டுமா என்று கேட்டேன்.