உப்பு வண்டியும் முறுக்கு விசையும்

டார்க் என்பதற்குத் தமிழில் முறுக்கு விசை என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வருகிற விசை என்றே அது மனதில் பதிந்துபோனது. பிறகு மெக்கானிக்கல் படித்து, சூத்திரங்களை எழுதித் தேறியும்விட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆனாலும் அந்தத் தப்பான படம் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

அப்பா கோட்டையூர்ப் பக்கம் தெருத்தெருவாக உப்பு விற்கிறார். பைக்கின் இரண்டு பக்கமும் மூட்டை. ஹேண்டில்பாரில் அவர் குரலையே பதிவுசெய்து வைத்த சின்ன ஸ்பீக்கர். ஆள் நடக்கிற வேகத்தில்தான் வண்டி போகவேண்டும். உள்கட்டிலிருந்து ஒருவர் வாசலுக்கு வருவதற்குள் தாண்டிவிட்டால் வியாபாரம் போச்சு. பழைய வண்டியை உப்பு அரித்துத் தின்றுவிட்டபோது, "நீயே ஒண்ணு பாத்து எடுப்பா. படிச்சவனுக்குத் தெரியாததா?" என்றார்.

பவர் அதிகமுள்ளதாகப் பார்த்து, ஓடின வண்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சிசி பழையதற்கும் இதற்கும் ஒன்றுதான். எப்படியிருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம், "வண்டி ஜோருப்பா. என் கைதான் இன்னும் பழகல" என்பார். கிளட்ச் கருகிய வாடை அவர் சட்டையில் இருந்தது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போனேன். முதல் தெருவிலேயே வண்டி திணறி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து, பாதி கிளட்சைப் பிடித்தபடி அப்பா முறுக்கினார். முறுக்கினால் அலறுகிறது, விட்டால் அணைகிறது. அந்த அலறலில் ஸ்பீக்கர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. நாய்கள் துரத்தின. பெரிய வீட்டு ஆச்சி ஒருவர் படியிறங்கி வந்தார்.

"என்ன உப்புக்காரரே, ரேஸுக்கா போறீக? எவனோ காலேஜுப் பய போறான்னுல்ல உள்ள இருந்துட்டேன்! போன வாரமும் இப்படித்தான். உப்பைக் கடையில வாங்கிட்டோம்."

"மவன் எடுத்துக் குடுத்தது ஆச்சி. இன்சினியரு. நமக்குத்தான் ஓட்டத் தெரியல" என்று என்னைக் காட்டினார் அப்பா. ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். உப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வண்டிகளின் அளவுகளையும் எடுத்துப் பார்த்தேன். பழையதற்குப் போர் ஒடுக்கம், ஸ்ட்ரோக் நீளம். அதாவது ஒல்லியான சிலிண்டரில் பிஸ்டன் நெடுந்தூரம் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட இன்ஜினைப் பெரும்பாலும் மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கிற மாதிரி அமைத்திருப்பார்கள். ஒடுக்கமான வழியில் காற்று அப்போதும் விசையாக உள்ளே போய் நிறைந்துவிடும். நான் எடுத்தது அகலமான போர், குட்டை ஸ்ட்ரோக். வேகமாகச் சுற்றச் சுற்றத்தான் அதற்கு உயிர் வரும். மெதுவாகச் சுற்றும்போது இழுவை, அதாவது அந்த முறுக்கு விசை, கிடையாது. ஒரே சிசிதான், ஆனால் குணம் வேறு. இதெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான்.

"தப்பு உங்க கையில இல்லப்பா, இன்ஜின்ல. பாக்காம எடுத்தது நான்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "சரி, மாத்திக்கிருவோம். இதை வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதே. மவன் படிச்சவன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

மாற்றினோம். ஸ்ட்ரோக் நீளமான வண்டி மூட்டையோடு முணுமுணுத்துக்கொண்டே ஊர்ந்தது. அடுத்த முறை நாங்கள் அதே வாசலுக்குப் போனபோது ஆச்சி கேட்டார்: "ரேஸ் வண்டி எங்க?"

"வயசாச்சுல்ல ஆச்சி. அது நல்ல வண்டிதான், எனக்குத்தான் கை வரல."

நான் அளக்கும் படியில் உப்பை அள்ளிக்கொண்டிருந்தேன். "இல்ல ஆச்சி, அவுக நல்லாத்தான் ஓட்டுவாக. நாந்தான்..." என்று தொடங்கினேன்.

அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. ஹேண்டில்பாருக்குக் கையை நீட்டி ஸ்பீக்கரின் வால்யூம் திருகை முழுக்கத் திருப்பினார். "உப்பூ, கல்லுப்பூ, பொடியுப்பூ" என்று அவர் குரலே தெருவெங்கும் எழுந்து என் பேச்சை மூடியது. ஆச்சி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் குனிந்து, மேலே குவிந்த உப்பை வழித்துப் படியைத் தலைதட்டினேன்.