கௌதம்ராஜ் போட்ட ஃபயர்வால்

ராஜபாளையத்து நூல் மில்லில் கௌதம்ராஜ் ஸ்டோர் கிளார்க். ஒரு பேரிங் எடுத்துக் கொடுக்கத் தாமதமானாலும் ஃபிட்டர்கள் முதற்கொண்டு அவனை ஏசுவார்கள். அவன் பதில் பேசியதில்லை. மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மில் பஸ்ஸை விட்டு இறங்கியதும்தான் அவனுக்கு நடையே மாறும்.

வைரஸ் ஏறி வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த கல்யாணப் படங்கள் எல்லாம் போனபிறகு, அவனே ஒரு ஃபயர்வால் போட்டான். எந்தப் புரோகிராம் புதிதாக இணையத்துக்குப் போகப் பார்த்தாலும், விடலாமா வேண்டாமா என்று அது கேட்கும். பாஸ்வேர்டு அவனிடம் மட்டும். அந்தக் கேள்விக்கு அவன் உடனே பதில் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் காக்கவைத்துத்தான் சொல்வான்.

மனைவி மாரீஸ்வரி பி.காம். படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலைக்குக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று அவளை வீடியோ நேர்காணலுக்கு அழைத்தது. கணக்கைப் போட்டுத் திரையில் காட்ட வேண்டும் என்பதால் போனில் ஆகாது. முந்தின நாள் மாலை அவன் அனுமதி கொடுக்க, அவள் தன் அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். தெளிவாக வந்தது.

"இவுக மில்லு சம்பளத்தவிடக் கூடத் தருவாகளாம்க்கா" என்று சிரித்தாள். அவன் பின்னால்தான் நின்றிருந்தான்.

காலையில் அவள் குளிக்கப் போனதும், அந்த வீடியோ புரோகிராமை ஃபயர்வாலில் தடுத்து வைத்தான். இட்லியைச் சாப்பிட்டு, நன்றாகப் பேசு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

ஸ்டோரில் இருக்கும்போது அவள் போன் வந்தது.

"ஏங்க, வீடியோ வராம சுத்திக்கிட்டே கெடக்கு. அங்கன காத்துக்கிட்டு இருக்காக. அந்தப் பாஸ்வேர்டச் சொல்லுங்க."

"நேத்து ஓடுச்சுல்ல? நீ எதையாவது அமுக்கியிருப்ப. தொடாத, பொறவு வைரஸ் ஏறிரும்."

மறுபடி அடித்தபோது போனை டிராயருக்குள் போட்டு மூடினான்.

மாலையில் வந்து, அவளை டீ போட அனுப்பிவிட்டுத் தடையை எடுத்தான். அவள் டீயோடு வந்ததும் அக்காவைக் கூப்பிடச் சொன்னான். அக்கா முகம் பளிச்சென்று வந்தது.

"பாத்தியாட்டி? மெஷின்ல ஒண்ணும் இல்ல. பி.காம்னு பேரு வேற."

அக்காவும் சிரித்துவிட்டாள்.

அவன் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கம்பெனியிலிருந்து பேசினார்கள். நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டது அவன் காதிலும் விழுந்தது.

"வேண்டாம் சார்" என்றாள் மாரீஸ்வரி. "எனக்குக் கம்ப்யூட்டர் சரியா வராது. நாந்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்."

அவன் நிமிரவில்லை. ரசம் ஊற்றச் சொன்னான்.