வெலூரிக் குழந்தைகளுக்கு வைத்த பொட்டு

ஓசூரில் பைக்கும் கைக்கடிகாரமும் செய்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். வேற்றுக்கிரகவாசிகளையும் செய்கிறார்கள் என்பது, மேகலாவுக்கே பொம்மைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அச்சிலிருந்து வெள்ளை வெளேரென்று வந்து விழுகிற பிளாஸ்டிக் பிறவிகளுக்குத் தோலும் கண்ணும் எழுதுவது பெயின்டிங் லைன் பெண்களின் பாடு.

மேகலாவுக்குத் தளிப் பக்கம் ஊர். பிள்ளை இல்லை என்று புருஷன் சந்தோஷ் வீட்டார் அவளைக் கொண்டுவந்து அண்ணன் மாதேஸ்வரன் வாசலில் விட்டுப் போனார்கள். அண்ணன் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, பேச்சுக்கும் குறைவில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அவள் எதிரே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். செத்தாலும் இந்த வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று ஓசூருக்கு பஸ் ஏறியவள் அவள். கிடைத்ததோ காண்ட்ராக்ட் வேலை. வேலை இருக்கிறவரைக்கும்தான் ஹாஸ்டலில் கட்டில்.

"இந்த ஆர்டர் நல்லபடியா போகட்டும் மேகலா, உன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்றேன்" என்று சூப்பர்வைசர் முனிவேல் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

ஆர்டர் கொடுத்தது பெங்களூரில் விண்வெளி விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி. வெலூரி என்றொரு இனத்தை அவர்களே கற்பனை செய்திருந்தார்கள். பெயரைக் கேட்டால் பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்களின் வீட்டுப்பெயர் மாதிரி இருக்கும். அந்த இனத்துக்குக் கதை எழுதிய சுப்ரியா ஒருநாள் வந்து லைன் பெண்களிடம் விளக்கினாள்.

"இவங்களுக்கு வாயே இல்லம்மா. வெளிச்சத்த தோலாலயே சாப்பிடுவாங்க. குழந்தைக்குப் பசிச்சா அழாது, மஞ்சளாயிடும். பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க தூக்கி வெயில்ல வெப்பாங்க."

"அதோட அம்மா யாருங்க மேடம்?" என்றாள் மேகலா.

"அப்படி ஒருத்தி கிடையாது. யாரு முதுகுல வேணா குழந்த முளைக்கும். ஆம்பள, பொம்பளன்னு இல்ல. யாரு பெத்ததுன்னு கேக்கவே அவங்களுக்குத் தெரியாது."

"அந்த ஊருக்கு பஸ் இருந்தா சொல்லுங்க, மாமியார் இல்லாத ஊரு, நானும் வந்துடறேன்" என்றாள் பக்கத்து இருக்கை ஆஃப்ஷீன். லைனே சிரித்தது. மேகலா மட்டும் சிரிக்கவில்லை. யார் பெற்றது என்று கேட்கத் தெரியாத சனம் எங்கேயோ கற்பனையிலாவது இருக்கிறதே என்று இருந்தது அவளுக்கு. அதற்குள் சுப்ரியாவுக்கு போன் வந்துவிட்டது. மிச்சக் கதையைச் சொல்லாமலே போனாள். லைனுக்குக் கொடுத்ததும் நிறம் குறித்த ஒரு தாள் மட்டும்தான். பெயின்ட் அடிக்கிறவளுக்குக் கதை எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

மாதிரிப் பொம்மையை எழுதியது மேகலா. வெலூரிக் குழந்தை. மாதிரி என்றால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்ல. அங்கே அந்த ஒரு சோறுதான் சட்டம். அதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. சுப்ரியா பார்த்து, அதன் காலடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

பொம்மையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போன மேகலா ஒரு நிமிஷம் நின்றாள். நீலத் தோல், கீழிருந்து மேலே மூடுகிற இமை, ஆறு விரல். அத்தனை அழகாக இருந்தது. கண் பட்டுவிடுமே என்று தோன்றியது. ஒரு குழந்தைக்கும் அவளைப் பொட்டு வைக்க விட்டதில்லை யாரும். கறுப்பு மையைத் தூரிகை நுனியில் தொட்டு, இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

மறுநாள் லைன் முழுக்க அந்தப் பொட்டை வைத்தது. முனிவேல் மாதிரியின் காலடியில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. மேகலா நினைத்திருந்தால் அப்போதே சொல்லியிருக்கலாம். தட்டு தட்டாகப் பொட்டு வைத்த குழந்தைகள் நகர்ந்து போவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வாயைத் திறக்கவில்லை.

சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. கூடவே சுப்ரியாவும் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இடது கன்னத்துல கறுப்புப் புள்ளி வந்தா அது அவங்க ஊர்ல ஒரு நோய்ம்மா. வெளிச்சத்த சாப்பிட முடியாது. அந்தக் குழந்தைய யாரும் அடிக்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. இருட்டுப் பக்கமா கொண்டு போய் விட்டுட்டு வந்துடுவாங்க. நீங்க எல்லாக் குழந்தைக்கும் அதை வெச்சிருக்கீங்க."

"யாரு வெச்சது?" என்று கத்தினார் முனிவேல்.

"நான்தாங்க சார்" என்றாள் மேகலா.

அவர் அன்றைக்கே அவள் கணக்கை முடிக்கச் சொன்னார். பொட்டை, பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்துப் பார்த்தார்கள், தோலும் சேர்ந்து உரிந்தது. எல்லாவற்றையும் அரைத்துத் தூளாக்கச் சொல்லிவிட்டார்கள். மேகலா கேட்டைவிட்டுப் போவதற்குமுன் செய்ய வேண்டிய கடைசி வேலை அதுதான்.

அவள் சுப்ரியாவிடம் போய் நின்றாள். "மேடம், அந்தக் குழந்தைகளத் தேடிகினு யாராவது ஒருத்தராவது போவாங்களா?"

"இல்லம்மா. அப்படி எழுதல."

"எழுதுனது நீங்கதானே. ஒரு வரி சேத்து எழுதக் கூடாதா?"

சுப்ரியா தலை குனிந்துகொண்டாள். "எல்லாம் ஓகே ஆகி முடிஞ்சுபோச்சும்மா. இனிமே என்னால மாத்த முடியாது."

மேகலா மெஷினைப் போட்டாள். முதல் கூடையைக் கவிழ்க்கையில் கையை வைத்து ஒவ்வொன்றின் முகத்தையும் மூடினாள். இரண்டாவது கூடையில் அதெல்லாம் முடியவில்லை, அள்ளி அள்ளிப் போட்டாள். வாயில்லாத பிள்ளைகள். மெஷின்தான் அலறியது.

சாயங்காலம் ஹாஸ்டல் வார்டன் பெட்டியைக் கட்டச் சொன்னாள். போக வேறு இடமில்லை. மேகலா கேட் ஓரம் நின்று அண்ணன் வீட்டுக்கு போன் போட்டாள். அண்ணி சரோஜம்மாள் எடுத்தாள்.

"அண்ணி, வேலை போயிடுச்சு. ஊருக்கு வந்துடறேன்."

சரோஜம்மாள் பிரியமாகவே சொன்னாள்.

"வாம்மா, இதுவும் உன் வீடுதானே. ஆனா நம்ம பொண்ணு வீரலட்சுமிக்குக் குழந்த பொறந்திருக்கு, வர்ற புதன்கெழம தொட்டில் போடுறோம். வெசேஷம் முடிஞ்சு நாலு பேரு போன பின்னாடி வா, என்ன?"

"சரிங்க அண்ணி" என்றாள் மேகலா. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.